மிளகோடு காய்ந்த பெட்டரி

கண்டிக் கடையில் இரண்டு பெட்டரிகளை முன்னால் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். ஒன்று பெரியது, நிறைய நேரம் ஓடும், ஆனால் கனம். மற்றது லேசு, சீக்கிரம் தீர்ந்துவிடும். என் மனைவியின் தம்பி ஏற்கெனவே பெரியதை வாங்கி, ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தான். ஞாயிறு பூசை முடிந்ததும் இரத்தோட்டை மாதா கோயில் மைதானத்தில் எங்கள் ரிமோட் கார்களுக்குப் போட்டி. தோற்றவன் ஜெயித்தவனை ஒரு மாதம் "தொரை" என்று கூப்பிட வேண்டும். எங்கள் அப்பாக்கள் தேயிலைத் தோட்டத்தில் அதிகாரி முன் முண்டாசை அவிழ்த்துவிட்டுச் சொன்ன வார்த்தை அது. இந்தப் பயலையா நான் அப்படிக் கூப்பிடுவது?

இரண்டையும் மாற்றி மாற்றி வாங்கிப் பார்க்கிற காலமில்லை அது, சண்டைக் காலம். வெடிகுண்டு மாதிரி வயர் நீட்டிக்கொண்டிருக்கும் சாமானோடு ஒரு தடவைக்கு மேல் சோதனைச் சாவடியைத் தாண்ட எனக்குத் தைரியம் கிடையாது. யோசித்தேன். ஓடப்போவது ஐந்தே சுற்று. பக்கத்து இரத்தோட்டைக்குப் போகிறவன் தூரத்துத் திருகோணமலைக்குச் சோறு கட்டுவானா? லேசானதையே வாங்கினேன். சாவடியில் சிப்பாய் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். விளையாட்டுக் காருக்கு என்று சிங்களத்தில் சொன்னேன். என் நரைத்த மீசையைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திருப்பித் தந்தான்.

இரவே சார்ஜ் போட்டு மேசையில் வைத்திருந்தேன். பூசை முடிந்து வந்தால் மேசை காலி. முந்தியே வீடு திரும்பியிருந்த மனைவி வாசலைக் காட்டினாள். மிளகு காயும் பாயின் நடுவில் கிடந்தது பெட்டரி.

"வெயில்ல வச்சா தெம்பு வரும்ங்க. ஊரடங்கு நேரத்துல ரேடியோ பெட்டரிய காயவச்சுத்தானே நியூஸ் கேட்டோம்?"

"அது வேற, இது வேறடி! கொன்னுட்டியே!"

"கத்தாதீங்க. கொண்டுபோய் ஓட்டிப் பாருங்க."

வேறு வழி? மிளகுத் தூசியை ஊதிவிட்டு, சூடு ஆறாமல் காரில் மாட்டினேன். அதற்குள் ரிவர்ஸ்டன் மலைப் பக்கமிருந்து பனி இறங்கி மைதானம் நனைந்து குளிர்ந்திருந்தது. குளிரில் பெட்டரி சோர்ந்துவிடும். மச்சானின் கார் ஒவ்வொரு மேட்டிலும் முனகிக்கொண்டு ஏறி, மூக்குக் குப்புற விழுந்தது. என்னுடையது பாய்ந்த பாய்ச்சலில் கையில் ரிமோட் இருப்பதையே மறந்து நானும் குதித்தேன். ஐந்தாவது சுற்றை அவனுக்கு முன் முடித்தேன். அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன் அந்த மைதானத்தில் கண்டதில்லை. லேசு ஜெயித்ததா, வெயில் ஜெயித்ததா என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

மச்சான் வீட்டுக்கு வந்து, தலையைச் சொறிந்துகொண்டு, "சரிங்க தொரை" என்றான்.

"யார்ரா தொரை?" என்று உள்ளேயிருந்து அவன் அக்கா வந்தாள். "பெட்டரிய காயவச்சது யாரு?"

அவள் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தாள்.

"மழை வருது. ரெண்டு பேரும் மிளக அள்ளுங்க."

"சரிங்க தொரை" என்றோம் இருவரும்.