அம்மா ஒட்டிய சிவப்பு அம்பு

மலேசியாவின் பத்து பாகாட் நகரில் நாங்கள் குடியிருந்த வரிசை வீட்டில், காலையில் கண் விழித்ததும் நாற்காலியில் தொங்கும் அம்மாவின் நீலச் சட்டையிலிருந்து உருகிய ஈயத்தின் புகை வாசனை வந்தால், அவர் வேலை முடிந்து வந்துவிட்டார் என்று தெரிந்துகொள்வேன். பாவம், அசந்து தூங்குகிறாரே என்று எழுப்பாமல் பள்ளிக்குப் போய்விடுவேன். நான் திரும்பும்போது அவர் மதிய ‘ஷிப்ட்’டுக்குக் கிளம்பிப் போயிருப்பார். அப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்தார், மாதக் கடைசியில்தான் வருவார். சனிக்கிழமையிலும் அம்மாவுக்கு ‘ஓ.டி.’ என்று கூடுதல் வேலை இருக்கும். மேசையில் மூடி வைத்த சோறும் தொலைக்காட்சியும் நானும்தான் வீட்டில். பதின்மூன்று வயதில் எனக்கு இருந்த ஆசை ஒன்றுதான்: இரவு அம்மா கதவைத் திறக்கும்போது நான் விழித்திருக்க வேண்டும். பாழாய்ப்போன தூக்கம் விட்டால்தானே.

அந்த ஆண்டு பள்ளியில், வாழ்வியல் திறன் பாடத்துக்காக, கதவைத் திறந்தால் கத்தும் மணி ஒன்றைச் செய்யச் சொன்னார்கள். மற்றவர்கள் மதிப்பெண்ணுக்குச் செய்தார்கள், நான் அம்மாவுக்காகச் செய்தேன். பலகையின் துளைகளில் ஒவ்வொரு பாகமாகச் செருகி, ஈயம் பற்றவைத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து வாசல் கதவில் மாட்டி, பேட்டரியை இணைத்துக் கதவைத் திறந்தால், மூச்சுப் பேச்சில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கழற்றி மேசைமேல் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் அந்தப் பலகையில் அரிசி அளவில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது. தொழிற்சாலையில் மின்பலகைகளைச் சரிபார்ப்பது அம்மாவின் வேலை. தவறாக இருக்கும் பாகத்தை அப்படி அம்பு ஒட்டிக் காட்டி, ‘ரிஜெக்ட்’ தட்டில் வைப்பார்கள். அம்பு காட்டியது டிரான்சிஸ்டரை. ஒரு பக்கம் உருண்டையாகவும் மறுபக்கம் தட்டையாகவும் இருக்கும் அந்தப் பாகத்தை நான் திசை மாற்றி வைத்திருந்தேன். தாளிலிருந்த படம் பலகையின் அடிப்பக்கத்துக்கானது. மேல்பக்கம் என்று நினைத்து இடத்தையும் வலத்தையும் மாற்றிக்கொண்டிருக்கிறேன். மின்தடை போன்றவற்றை எப்படி வைத்தாலும் பிழையில்லை, இதற்குத் திசை உண்டு.

பள்ளியில் அதைக் கழற்றித் திருப்பி வைத்து, வாசல் கதவில் மறுபடி மாட்டினேன். அன்றிரவு மணி வீடே அதிரும்படி கத்தியது. ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். சிரித்தார், தலையைத் தடவினார். “போய்ப் படு பாப்பா, காலைல ஸ்கூல் இருக்கு லா,” என்றார்.

மறுநாள் இரவு, படுக்கும்முன் பேட்டரியை இணைத்து வைத்தும், மணி அடிக்கவில்லை. அதன் பிறகும் அடிக்கவில்லை. பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒரு காலையில் அம்மாவின் செருப்பு சமையலறைப் பக்கம் கிடந்ததைப் பார்த்தபோதுதான் புரிந்தது. என் தூக்கம் கெடக்கூடாதென்று அவர் பின்கதவு வழியாக வரத் தொடங்கியிருந்தார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்தத் தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது தளவாடக் கிடங்கு இருக்கிறது. அம்மா வேலையை விட்ட பிறகு ஒருமுறை அவரிடம், ஏன் பின்கதவு வழியாக வந்தீர்கள் என்று கேட்டேன்.

“வந்ததும் உன் பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்திருப்பேன். உன்னைப் பாக்காம ஒரு நாளும் படுத்ததில்ல பாப்பா,” என்றார்.

தினமும் காலையில் அவருடைய அறை வாசலில் நின்று, அவர் தூங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் நானும் கிளம்புவேன் என்று அன்று அவரிடம் சொல்லத் தோன்றவில்லை. இப்போது சொல்லலாம் என்றால் அம்மா இல்லை.