சிவப்புத் துண்டின் உயரம்

ஒரு மூங்கில். அதன் நுனிக்குச் சற்றுக் கீழே முடிச்சிட்ட ஒரு சிவப்புத் துண்டு. அதை நான்கு பேர் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு வெறும் பொட்டலில் நடக்கிறார்கள். முன்னால் சுவரும் இல்லை, வாசலும் இல்லை. அடையாளத்துக்கு நட்ட இரண்டு கம்புகள் மட்டும். அவற்றின் நடுவே மூங்கில் கடந்து போனதும் பெண்கள் குலவை போட்டார்கள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு, இவர்களுக்கு என்ன கிறுக்கா என்று நினைத்தபடி நின்றேன். என் பக்கத்தில் எங்கள் உதவிப் பொறியாளர் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் பட்டதையெல்லாம் அளக்கும் மனிதர், அன்று டேப்பைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. ஓவர்சியரை அளக்கச் சொல்லிவிட்டு, அவர் சொன்ன அளவைக் காதில் வாங்கியும் வாங்காமலும் தலையாட்டினார். அது ஏன் என்று எனக்குப் புரியச் சில வருடங்கள் ஆயின.

அறுபதுகளின் நடுவில், எங்கள் பக்கம் புதிய ரயில் பாதை போட்ட காலம் அது. காரைக்குடியில் இருந்த வேலைத்தள அலுவலகத்தில் நான் எழுத்தர். உதவிப் பொறியாளர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். எதற்கெடுத்தாலும் ‘ஏனுங்க’ என்று ஆரம்பிப்பார். மாட்டுக்கு லாடம் அடிப்பவனிடம் கேட்பார், பனங்கிழங்கு விற்பவளிடம் கேட்பார், பதில் கிடைக்கும்வரை நகர மாட்டார். ஒருநாள் காரைக்குடி பஸ் நிலையத்தில், கூரைமேல் மூட்டைகள் ஏற்றி நின்ற பஸ்ஸின் பின்பக்க ஏணியில் ஏறி, உச்சி மூட்டையிலிருந்து டேப்பைக் கீழே விட்டார். கண்டக்டர் அவரைப் பைத்தியம் என்றே முடிவு செய்து திட்டினார். நான்தான் சமாதானம் பேசி இறக்கிக் கூட்டிவந்தேன். அதற்கு முந்தின வாரம் இலுப்பை மரத்தின் அடியைச் சுற்றி அளந்தவர் என்பதால், இதையும் அந்தக் கணக்கில் சேர்த்து மறந்துவிட்டேன்.

பாதை ஓர் ஊரின் குறுக்கே போனது. ஊர்ப் பெயரை எழுதவில்லை. எழுதினால் இன்றைக்கும் என்னோடு சண்டைக்கு வருவார்கள். வீடுகள் ஒரு பக்கம், அய்யனார் கோயிலும் காரைக்குடிக்குப் போகும் வண்டிப் பாதையும் மறு பக்கம். கண்மாயை ஒட்டிய பள்ளமான இடம் என்பதால் ரயில் கரை அங்கே மூன்று ஆள் உயரத்துக்கு மேல் எழும்ப வேண்டியிருந்தது. ஊரார் போய்வரக் கரைக்கு அடியில் ஒரு பாலம், அதில் ஒரு வாசல். மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி போகும் உயரத்துக்கு அரசாங்கச் செலவில் கட்டித் தருவார்கள். அதற்கு மேல் உயரம் வேண்டுமென்றால் கூடுதல் செலவை ஊர் கட்ட வேண்டும். இந்த விதியைச் சொல்லத்தான் நாங்கள் ஊர்க் கூட்டத்துக்குப் போனோம்.

அந்தக் கூட்டத்தில்தான் அத்தையை முதலில் பார்த்தேன். ஊர்த் தலைவரான அம்பலத்துக்கு அக்கா. கணவர் இல்லை. ஊருக்கே அவர் அத்தை; நாங்களும் அப்படியே அழைத்தோம். அவருடைய ஒரே மகளைப் பிரசவ வலியோடு காரைக்குடி ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டிக் கொண்டுபோனார்கள். ஐப்பசி மழை. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அந்தப் பெண் தாங்கவில்லை. அன்றிலிருந்து அத்தைக்கு ஒரே நினைப்பு, ஊருக்குள் பஸ் வர வேண்டும். பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கமிருந்து அவர் எழுந்து, பஸ் நுழையும் உயரத்துக்கு வாசல் விடச் சொன்னதும் ஆண்கள் சிரித்தார்கள். ஒழுங்கான ரோடே இல்லாத ஊருக்குப் பஸ்ஸா என்றார் அம்பலம். வராத பஸ்ஸுக்கு வரி கட்ட யாரும் தயாராக இல்லை.

“ரோட்டைப் பின்னால போட்டுக்கிடலாம்,” என்றார் அத்தை. “வாசலைப் பின்னால ஒசத்த முடியுமா? இன்னைக்கு விடுறதுதான் காலத்துக்கும்.”

கூட்டம் அடுத்த பேச்சுக்குப் போய்விட்டது. பொறியாளர் மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில் ஜீப்பில், அத்தை கேட்டது சரிதானே என்று என்னிடம் கேட்டார். சரிதான், ஆனால் விதி இல்லை என்றேன். எனக்கு அப்போது விதிதான் வேதம்.

அடுத்த மாதம் ஊரில் சின்னதாக ஒரு திருவிழா. இதற்குள் பொறியாளர் அங்கேயே ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துத் தானே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாமி தெருவில் வருவதற்கு முன், குறுக்கே கட்டியிருந்த தோரணங்களையும் துணி காயப்போடும் கயிறுகளையும் அவிழ்த்தார்கள். அவர் உடனே அத்தையிடம், “ஏனுங்க, இந்தக் கயித்தை எதுக்குங்க அவுக்கறாங்க?” என்று ஆரம்பித்தார். சர்க்கரைப் பொங்கல் கொடுக்கும் இடத்துக்கு நான் நகர்ந்துவிட்டேன். தொன்னையோடு திரும்பி வந்தபோதும் இருவரும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. பொங்கலில் நெய் குறைவு என்ற வருத்தத்தில் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வாசலின் உயரத்தை முடிவு செய்ய மறுபடி கூட்டம் போட்டார்கள். எல்லோரும் கையெழுத்துப் போடத் தயாரான நேரம் அத்தை எழுந்து ஒன்றே ஒன்று கேட்டார்: “அய்யனாருக்குப் புரவி எடுக்குறப்ப, குதிரை எங்குட்டுப் போகும்?”

கையெழுத்துக்கு எடுத்த பேனாவை அம்பலம் கீழே வைத்துவிட்டார். எங்கள் பக்கத்தில் புரவி எடுப்பு என்றால் சாதாரண விஷயமில்லை. மழை வேண்டியும் பிள்ளை வேண்டியும் நேர்ந்துகொண்டு, வேளார் செய்து தரும் பெரிய மண் குதிரைகளைத் தோளில் சுமந்து போய்க் கோயிலில் வைப்பார்கள். வேளார் வீடு கரைக்கு இந்தப் பக்கம், கோயில் அந்தப் பக்கம். நான்கு ஆள் தோளில் ஏறிய குதிரை, மாட்டு வண்டி நுழையும் வாசலில் எப்படி நுழையும்? பஸ்ஸுக்குச் சிரித்தவர்களெல்லாம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்கள். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று, வரி அங்கேயே முடிவானது. பணம் இல்லாதவர்கள் சரளை அடித்துத் தருவதாகச் சொன்னார்கள். ஊருக்குள் அடுப்பெரிப்பவர் என்ற முறையில் பொறியாளரும் ஒரு தலைக்கட்டு என்றார் அம்பலம். அரசாங்க அதிகாரி ஊர் வரி கட்டக் கூடாது என்று நான் காதோரம் முணுமுணுத்தேன். அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டு எண்ணிக் கொடுத்துவிட்டார்.

இனி குதிரையின் உயரம் தெரிய வேண்டும். அதில் ஒரு சிக்கல் இருந்தது. ஊர் சார்பில் வேளாரிடம் ஒரு பிடி மண் எடுத்துக் கொடுத்த பிறகுதான் குதிரையைப் பற்றிப் பேசலாம். அதற்கு முன் இவ்வளவு உயரம் என்று வாயால் சொல்வது அந்த ஊரில் ஆகாது. பிடிமண் கொடுக்கும் குடும்பத்தில் பிறந்தவர் அத்தை. வாயால் சொல்லத்தானே கூடாது என்றார். எழுந்து போய் ஒரு மூங்கிலைப் படுக்கப் போட்டு, கையால் முழம் போட்டு, ஓர் இடத்தில் சிவப்புத் துண்டைக் கட்டினார். அந்த மூங்கில்தான் மறுநாள் பொட்டலில் நடந்தது.

பாலம் எழுந்தது. பக்கத்து ஊர்ப் பாலங்களெல்லாம் அதற்கு முன்னால் கோழிக்கூண்டு வாசலாகத் தெரிந்தன. தண்டவாளம் போட்டு ஜல்லி வண்டிகள் ஓடத் தொடங்கிய பிறகு புரவி எடுப்பு வந்தது. மாலை போட்ட குதிரைகள் வரிசையாக வாசலை நெருங்கின. சாமியாடி முன்னால் வந்து, வாசலைப் பார்த்தார், மேலே தண்டவாளத்தைப் பார்த்தார். பிறகு ஒரே ஓட்டமாகக் கரைமீது ஏறி, தண்டவாளத்தின் நடுவே நின்று கையைத் தூக்கினார். சாமியின் தலைக்கு மேல் வண்டி போகும் வழியில் சாமி போகாது. துணிக்கயிற்றையே அவிழ்க்கிறவர்களுக்கு இது எப்படித் தோன்றாமல் போயிற்று என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். நாங்கள் காட்டிய வரைபடத்தில் வாசல் இருந்தது, மேலே ரயில் இல்லை. எவ்வளவு உயரம் என்பதிலேயே ஊரின் புத்தி முழுவதும் நின்றுவிட்டது. கடைசியில் பலகை போட்டுக் குதிரைகளைக் கரைமேல் ஏற்றி, தண்டவாளத்தைத் தாண்டி இறக்கினார்கள். தூரத்தில் வந்த ஜல்லி வண்டியைச் சிவப்புக் கொடி காட்டி நிறுத்தியவர் பொறியாளர்தான். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

விசாரணை வந்தது. மேலதிகாரி கேட்டது நியாயமான கேள்விதான். குதிரை போக என்று எழுதி உயர்த்திய வாசல். குதிரையோ மேலே போயிருக்கிறது. வேலை ரயில் நின்றிருக்கிறது. போதாததற்கு நீர் அந்த ஊருக்கு வரி கட்டியவர். நீர் ரயில்வே ஆளா, ஊர் ஆளா? பதவி உயர்வு கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஊர்தான் கேட்டது, ஊர்தான் மாறிவிட்டது என்று ஒரு வரி சொன்னால் தப்பித்துவிடலாம் என்று அவரைக் கெஞ்சினேன்.

“ஊரு பொய் சொல்லுச்சுன்னு ஆனா, வாசல்ல பாதியை அடைக்கச் சொல்லி உத்தரவு வந்துருமுங்க,” என்றார். “எம்மேலயே இருக்கட்டும்.”

திட்டத்தைத் தவறாக மதிப்பிட்டது தானே என்று ஒப்புக்கொண்டார். பதவி உயர்வு போயிற்று. எங்கோ வடக்கே மாற்றினார்கள். கிளம்பும் நாளில் ரயில் நிலையத்துக்கு அத்தை வந்திருந்தார். ஒரு தூக்குவாளி நிறைய அதிரசம். ஊருக்காக உயர்த்திய வாசலை ஊரே உதறிவிட்டுப் போக, நல்ல மனிதர் ஒருவர் கெட்ட பெயரோடு போகிறாரே என்று அந்த ஊர்மீது எனக்குக் கோபம் இருந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் அந்தப் பக்கம் ரோடு போட்டார்கள். பஸ் விட இடம் தேடியபோது, கரைக்கு அப்பால் இருந்த ஊர்களில் இந்த ஒன்றுக்குள்தான் பஸ் நுழைய முடியும் என்று தெரிந்தது. முதல் பஸ்ஸுக்கு அம்பலம் எனக்கும் சொல்லி அனுப்பியிருந்தார். பஸ்ஸுக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, காரைக்குடியிலிருந்து ஊர்ப் பெரியவர்களோடு கிளம்பினோம். முன் சீட்டில் அத்தை. பாலத்தை நெருங்கும்போது மேலே ரயில் வந்தது. டிரைவர் நிறுத்திவிட்டார். ரயில் போகட்டும் என்று அம்பலமும் கைகாட்டினார். பழைய நினைப்பு எல்லோருக்கும் இருந்தது.

“இது என்ன சாமியா? விடுப்பா,” என்றார் அத்தை.

பஸ்ஸே சிரித்தது. மேலே ரயில் தடதடக்க, கூரை மூட்டைகள் எதிலும் இடிக்காமல் நாங்கள் வாசலுக்குள் புகுந்து வெளியே வந்தோம். அத்தை பின்னால் திரும்பி, எனக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னார்: “கிளார்க்குத் தம்பி, அந்தத் துண்டை நான் குதிரைக்குக் கட்டல. ஒங்க எஞ்சினியரு காரைக்குடி பஸ்ஸு மேல ஏறி அளந்தாருல்ல, அந்த ஒசரத்துக்குக் கட்டுனேன். குதிரைக்குன்னா குடுத்தாக. பஸ்ஸுக்குன்னா யாரு குடுப்பா?”

சாமி அடியில் போகாது என்பது பொறியாளருக்குத் தெரியுமா என்று கேட்டேன். “கயிறு அவுத்த அன்னைக்கே கேட்டாரே. நாந்தான் சொன்னேன். பின்னால ஒங்களுக்குத்தான் பொல்லாப்பு வரும்னும் சொன்னேன். வரட்டும்னாரு.” அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குப் பொறியாளர்மீது கோபம் வந்தது. இத்தனை நாள் கூடவே சுற்றிய என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. சொல்லியிருந்தால் விதி பேசிக் கெடுத்திருப்பேன் என்று தெரிந்துதான் சொல்லவில்லை போலும். பொறியாளர் எங்கே இருக்கிறார் என்று பலரிடம் விசாரித்தேன், தெரியவில்லை. அந்த பஸ்ஸை அவர் பார்த்ததாகவும் தெரியவில்லை.

இப்போது அந்தப் பாதையில் மின்சார ரயில் ஓடுகிறது. தண்டவாளத்துக்கு மேலே கம்பி. குதிரையைக் கரைமேல் ஏற்றினால் உயிருக்கு ஆபத்து. அண்மையில் புரவி எடுப்பு வந்தபோது, அடியில் போகலாமா என்று சாமி முன் பூப்போட்டுக் கேட்டார்களாம். சாமி உத்தரவு கொடுத்துவிட்டது. அத்தையும் இல்லை, அம்பலமும் இல்லை. பழக்கத்துக்காக என்னையும் அழைத்திருந்தார்கள். பாலத்தின் ஓரம் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.

குதிரைகளுக்கு முன்னால் ஓர் இளைஞர் நீண்ட இரும்புக் குழாயைச் செங்குத்தாகப் பிடித்து வந்தார். மேலே சிவப்புத் துண்டு. மூங்கில் உளுத்துப்போனதால் அதே அளவுக்குக் குழாய் வாங்கிக் கோயிலில் வைத்திருக்கிறார்களாம். இது என்ன என்று தெரியாதவன் போலக் கேட்டேன். “இது எங்க சாமி அளவுங்கய்யா. இந்தத் துண்டுக்கு மேல குதிரை செய்யக் கூடாது. அந்தக் காலத்துலயே சாமி சொன்னது,” என்றார் அவர். அப்படியா என்றேன். உச்சி மூட்டையிலிருந்து தொங்கிய டேப்பும், கீழே நின்று திட்டிய கண்டக்டரும் என் கண்முன் வந்தார்கள். சிரிப்பை அடக்கத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டேன்.

முதல் குதிரை வாசலுக்குள் நுழைந்தது. காதுகளுக்கு மேல் ஒரு சாண் இடைவெளி இருந்தது. குதிரை போவதற்காக உயர்த்தப்பட்ட வாசல் என்று பொறியாளர் எழுதிக் கொடுத்த காரணம் இப்போது மெய்யாகிவிட்டது. அதைச் சொல்ல என் பக்கத்தில் யாரும் இல்லை. எல்லாக் குதிரைகளும் போகும்வரை, ரோட்டில் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தது. கடைசிக் குதிரை மறைந்ததும், அது மெல்ல ஊர்ந்து அதே வாசலுக்குள் போனது.