என் வீட்டில் மட்டும் தடித்த கம்பி

ராஜம்மாவின் வீட்டை இருட்டாக்கியவன் நான்தான். அவள் மேல் எந்தத் தப்பும் இல்லை... தப்பு முழுக்க என்னுடையது!

எழுபதுகளில், சித்திரபுரத்துக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் எலக்ட்ரீஷியன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே லைன். வீட்டுக்கு இரண்டு பல்பு. அதற்கு மேல் கூடாது. ஒரு வீடு கூடுதலாக இழுத்தால் கம்பத்துப் பியூஸ் போய் எல்லோருக்கும் இருட்டு. அதனால் ஒவ்வொரு வீட்டுப் பியூஸிலும் மெல்லிய கம்பி போட்டு வைத்திருந்தேன். யாராவது ஹீட்டரைச் சொருகினால் அந்த வீடு மட்டும் அணையும். ஊருக்கே அளந்து கொடுக்கிறவன் என்று எனக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

அந்த மார்கழியில் என் மகள் குறைமாதத்தில் பிறந்தாள். வெளியே உறைபனி. கரியடுப்பு வைத்தால் புகையில் பிள்ளை இருமுகிறது. நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? நான் பழைய ஹீட்டர் ஒன்றை வாங்கி வந்து, என் வீட்டுப் பியூஸில் தடித்த கம்பியை முறுக்கினேன். வேலியே பயிரை மேய்ந்தது!

பிள்ளைக்குச் சூடு கிடைத்தது. நன்றாகப் பால் குடித்தாள். எனக்கு உயிர் வந்தது. ஆனால் ஹீட்டர் போடும்போதெல்லாம் கம்பத்துப் பியூஸ் போய், லயமே இருண்டது.

கிறிஸ்துமஸ் நேரம் வேறு. சனங்கள் கொதித்தார்கள். சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார்.

"தையக்காரி ராஜம்மா மிசினுக்கு மோட்டார் வைக்கணும்னு கேட்டாளாமே. கரண்ட இழுக்கது அவ வீடுதானலே?"

ராஜம்மா என் பக்கத்து வீட்டுக்காரி. புருஷன் இல்லாதவள். பகலில் கொழுந்து பறித்து, ராத்திரியில் தைப்பாள். பண்டிகைத் தையல்தான் அவளுக்குக் கைகொடுக்கும். மோட்டாரைப் பற்றி என்னிடம்தான் கேட்டாள். கூடாது என்றதும் விட்டுவிட்டாள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும்... தலையாட்டினேன்!

என் கையாலேயே அவள் வீட்டுப் பியூஸைப் பிடுங்கினேன்.

"நா ஒண்ணுமே வைக்கலண்ணே... உள்ள வந்து பாருங்க."

நான் உள்ளே போகவில்லை.

அதோடு விட்டேனா? கம்பத்துப் பியூஸிலும் தடித்த கம்பியைப் போட்டேன். அப்புறம் விளக்கு அணையவே இல்லை. "பாத்தீகளா, அவதான்!" என்றது லயம். பண்டிகைத் துணியெல்லாம் வேறு தையல்காரரிடம் போயிற்று.

என் மகள் இன்று பிள்ளை குட்டிகளோடு நன்றாக இருக்கிறாள். அவளைப் பார்த்தால் வயிறு குளிர்கிறது. பொய் சொல்வானேன்... நான் நிறைவாகத்தான் வாழ்ந்திருக்கிறேன். அந்த ஹீட்டருக்காக எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை, மறுபடியும் சொருகுவேன்! ஆனால் அந்தத் தலையாட்டல்? அதைச் சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை? சாமியார் மன்னித்துவிடுவாரோ என்ற பயமா? தெரியவில்லை...

மகளின் ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் ராஜம்மா வந்தாள். பிள்ளைக்கென்று அவளாகவே ஒரு வெள்ளைக் கவுன் தைத்திருந்தாள். கூலி வாங்க மறுத்துவிட்டாள்.

"சிமினி வெளக்கு வெளிச்சத்துல தச்சதுண்ணே. தையல் கோணிப்போச்சு, மன்னிச்சிக்கிடுங்க."

"பரவாயில்ல ராஜம்மா" என்றேன்.

மன்னித்தேன்... நான், அவளை!