சனிக்கிழமை எண்ணெய்

போன வாரம் உங்கள் அண்ணனோடு திருநகர் ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருந்தேன். காருக்கு எண்ணெய் மாற்ற வேண்டுமாம். என்னைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்துக் கையில் காப்பியைக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கம் ஒரு பையன் டின்னைத் திறந்தான். கதவு இடுக்கு வழியாகப் புது எஞ்சின் எண்ணெயின் வாசனை வந்தது. அன்றைக்குச் சனிக்கிழமை. சனிக்கிழமையில் எண்ணெயா என்று யாரும் தடுக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரித்தேன் என்று அண்ணன் கேட்டான். பிள்ளைகள் எல்லோருக்குமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டாவது உலக யுத்தம் நடந்த வருஷங்கள். கீழக்குயில்குடியிலிருந்து வந்து மதுரையில் ஒரு ஜவுளி முதலாளிக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டுக்குள் அவர்கள் பாஷை. என்னைத் திட்டும்போது மட்டும் சுத்தமான மதுரைத் தமிழ். நல்ல மனிதர்தான். ஆனால் நாள் கிழமை பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. டயருக்குக் காற்றடிக்கக்கூட ராகுகாலம் பார்ப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல்லில் அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். தாம்பாளங்களோடு எல்லோரும் காரில்தான் போக வேண்டும். எஞ்சினில் கிடந்ததோ மாதக்கணக்காக மாற்றாத எண்ணெய். அளவுக்கம்பியை உருவிப் பார்த்தால் மை மாதிரி கறுத்திருந்தது; விரலில் தேய்த்தால் நறநறவென்றது. எஞ்சினின் சத்தமும் மாறிவிட்டது. வாடிப்பட்டி தாண்டுவதற்குள் இறுகி நின்றுவிடும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. நடுரோட்டில் பெண் வீட்டார் தாம்பாளத்தோடு நின்றால் பழி யார் தலையில் விழும்? முதலாளி தலையில் விழாது.

எண்ணெய் அப்போது லேசில் கிடைக்காது. எல்லாம் பட்டாளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கீழமாசி வீதியில் மோட்டார் சாமான் கடை வைத்திருந்த பாய், சனிக்கிழமை காலையில் சொல்லி அனுப்பினார். ஓடினேன். பீப்பாயில் சில்லறை எண்ணெய் இருந்தது. இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தேன், கஞ்சித்தண்ணி. பக்கத்தில் சீல் உடைக்காத டின் ஒன்று.

"இது ஒண்ணுதாண்ணே இருக்கு. சாயங்காலம் வந்து கேட்டா கெடைக்காது" என்றார் பாய்.

டின்னோடு வந்தால், முதலாளி கேட்டிலேயே மறித்தார்.

"சனிக்கெழம எண்ணெ வாங்கியாரியே, ஒனக்குக் கூறு இருக்கா? விடிஞ்சா எம் மகளுக்கு நிச்சயம்."

"இது காரு எண்ணெ மொதலாளி. யாரும் தாளிக்கப் போறதில்ல."

"எண்ணெய்னா எண்ணெதான். காரு இரும்பு, நெறம் கறுப்பு, எல்லாம் அந்தச் சனீஸ்வரருக்குப் புடிச்சது. இதுல எண்ணெ வேறயா? இந்தக் கேட்டத் தாண்டி உள்ள வரக்கூடாது. திங்கக்கெழம ஊத்திக்கிடலாம்."

"திங்கக்கெழம ஊத்த எஞ்சின் இருக்காது."

"ஊத்துனீன்னா நாளைக்கி வேலைக்கி வராத."

பிள்ளைகளே, நானும் நவக்கிரகம் சுற்றி எள் விளக்குப் போடுகிறவன்தான். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன். எனக்கும் பயம் உண்டு. மூத்தவள் அப்போது கைக்குழந்தை. வேலை போனால் வீட்டில் உலை வைக்க முடியாது. ஆனாலும் அந்த எஞ்சினின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஸ்டியரிங்கைப் பிடிக்க என்னால் ஆகாது. இன்றைக்குச் சொன்னாலும் ஆகாது.

டின்னைத் தெருவிலேயே வைத்தேன். உள்ளே போய் வண்டியை எடுத்துக் கேட்டுக்கு வெளியே கொண்டுவந்து நிறுத்தினேன்.

"தெரு முனிசிபாலிட்டியோடது மொதலாளி. சனி புடிச்சா அவுகளப் புடிக்கட்டும்."

அடியில் படுத்து நட்டைக் கழற்றினேன். பழைய எண்ணெய் கறுகறுவென்று இறங்கியது. பாதி சட்டியில், மீதி தெருவில். வழியில் போன மாட்டுவண்டிக்காரர் நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"என்ன மாப்ள, காருக்குப் பேதியா?"

"ஆமாண்ணே. நிச்சயத்துக்குப் போகுதுல்ல, வயித்தச் சுத்தம் பண்றேன்."

முதலாளி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோபமா சிரிப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பழைய எண்ணெயை வண்டி அச்சுக்குப் போட அந்த அண்ணனே வாங்கிக்கொண்டு போனார். புதுசை ஊற்றி ஸ்டார்ட் செய்தேன். நறநறப்பு அடங்கி, சத்தம் பழையபடி சீராக வந்தது.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. எண்ணெய் இப்போது வண்டியின் வயிற்றுக்குள். அப்படியானால் வண்டியும் உள்ளே வரக்கூடாது. முதலாளி கேட்டைச் சாத்திவிட்டார். பெட்ரோலுக்குக் கூப்பன் கொடுத்த காலம். தெருவில் விட்டால் உறிஞ்சிக்கொண்டு போய்விடுவார்கள். பின்சீட்டில் முடங்கிப் படுத்துக்கொண்டேன்.

காலையில் பட்டுக்கரை வேட்டியோடு முதலாளி கேட்டைத் திறந்தார். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கி வராதன்னு சொன்னேன்ல?"

"போனாத்தான மொதலாளி வர்றதுக்கு."

அவர் உள்ளே போய், முதல் தாம்பாளத்தைத் தானே கொண்டுவந்து சீட்டில் வைத்தார். திண்டுக்கல் போய்த் திரும்புகிறவரை வண்டி ஒரு இருமல்கூட இருமவில்லை. பொழுது சாயத் திரும்பி வந்து, கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தினேன்.

"உள்ள விடு" என்றார்.

"சனிக்கெழம எண்ணெ மொதலாளி."

"அதான் நிச்சயத்துக்குப் போயிட்டு வந்திருச்சுல்ல. விடுப்பா."

இன்றைக்கு அந்தக் கேட்டும் இல்லை, காரும் இல்லை. வீடு இருந்த இடத்தில் லாட்ஜ் நிற்கிறது. நான் சிந்திய எண்ணெய் தெருவில் முறம் அகலத்துக்குக் கறுப்பாக வெகுகாலம் கிடந்தது. அந்த வீட்டில் அதைச் சனி பிடித்த இடம் என்று சொல்லி, மிதிக்காமல் சுற்றித்தான் போவார்கள். அதையும் தார் போட்டு மூடிவிட்டார்கள். இடம் எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதன் மேல் காலை வைத்துத்தான் நடக்கிறேன், சனிக்கிழமையானாலும்.