பாதி இருக்கை

துணிக்கடையிலிருந்து பஸ் நிலையம் பெரிய தூரமில்லை. ஆனால் மாமாவின் ஊன்றுகோலுக்கு அது தூரம்தான். மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் முன்னால் போக, நான் பத்தடி தள்ளிப் பின்னால் போனேன். கடையைவிட்டு இறங்கியதிலிருந்து அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. கலஹாவுக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் கடகடவென்று சிங்களம் பேசக்கூடியவன் நான் ஒருவன்தான் என்பது என் நினைப்பு. அம்மாவின் தம்பியான மாமா, வடக்கே சண்டை முடிந்த பிறகு வவுனியாப் பக்கம் கூலி வேலைக்குப் போனவர். விறகு பொறுக்கும்போது மிதிவெடியை மிதித்துவிட்டார். இடது முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கே வந்து சேர்ந்தார். அம்மா ஒருத்தி கொழுந்து பறித்துத்தான் எல்லோரும் சாப்பிட வேண்டும்.

ஒட்ட வெட்டிய முடியும் ஒற்றைக் காலுமாக ஒருவர் கண்டியில் பஸ் ஏறினால், ரணவிரு என்றுதான் நினைப்பார்கள். சண்டைக்குப் போய் வந்த சிப்பாய்க்குச் சிங்களத்தில் அந்தப் பெயர். எழுந்து இடம் கொடுப்பார்கள். ஒரு பெரியவர் மாமாவைக் கும்பிட்டதையும் பார்த்திருக்கிறேன். மாமா சிரித்துவிட்டு உட்காருவார். வாய் திறக்க மாட்டார். திறந்தால் அவருடைய சிங்களமே காட்டிக்கொடுத்துவிடும்.

அன்று அந்தத் துணிக்கடைக்குக் காவல் வேலை கேட்டுப் போயிருந்தோம். வாசலில் கதிரை போட்டு உட்காரும் வேலை. மாமாவுக்காகப் பேச நான். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுடா. வாய நீட்டாத," என்று போகும்போதே சொல்லிவைத்திருந்தார்.

கால் எங்கே போனது என்று முதலாளி கேட்டார். வவுனியாவில் என்றேன். உடனே எழுந்துவிட்டார். மாமாவைத் தன் கதிரையிலேயே உட்காரவைத்து, பால் தேநீர் வரவழைத்து, நாளைக்கே வரலாம் என்றார். மாமா தலையாட்டினார். அத்தோடு நான் சும்மா இருந்திருக்க வேண்டும். பையனுக்கு நல்ல சிங்களம் என்று முதலாளி என் தோளைத் தட்டியதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமா ஆமிக்காரர் இல்லை, விறகுக்குப் போனவர் என்று முழுக் கதையையும் பிழையில்லாத சிங்களத்தில் சொல்லி முடித்தேன்.

முதலாளிக்குக் கோபம் வரவில்லை. சுவரில் சீருடையோடு ஓர் இளைஞனின் படம் இருந்தது. அதன் கீழே சின்ன விளக்கு எரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "அந்த வேலை என் மகனோடு போனவங்களுக்குன்னு வச்சது, தம்பி," என்று மாமாவிடம் மெல்லச் சொன்னார். தேநீரைக் குடித்துவிட்டுப் போகச் சொன்னார். மாமா கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

கலஹா வழியாகப் போகும் தெல்தோட்டை பஸ்ஸில் நல்ல கூட்டம். ரணவிருவுக்கு இடம் விடுங்கள் என்று கண்டக்டர் வழக்கம்போலக் கத்தினார். மாமா கம்பியைப் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த சிங்களத்தில், "நான் ஆமி இல்ல," என்றார். எழப்போன ஒரு பெண் பாதியில் நின்றார். பஸ்ஸே எங்களைப் பார்த்தது.

முன் இருக்கையில் இருந்தவருடைய வலது சட்டைக் கை காலியாக, மடித்து ஊசி குத்தியிருந்தது.

"எங்க போச்சு?" என்று மாமாவின் காலைக் காட்டிக் கேட்டார்.

"வவுனியா."

"எனக்கும் அந்தப் பக்கந்தான். ஆமில இருக்கக்குள்ள," என்றார்.

பெரிய உடம்புக்காரர். ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு பாதி இருக்கையை விட்டார். மாமா அதில் உட்கார்ந்தார். ஊன்றுகோல் வளைவுகளில் சரியாமல் அவர்தான் முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கி வைத்திருந்தார். கலஹாவில் நாங்கள் இறங்கும்போது இருந்த கையால் எடுத்துக் கொடுத்தார்.

"டேய், அந்த அண்ணனுக்கு நன்றி சொல்லு. நல்ல சிங்களத்துல சொல்லு," என்றார் மாமா. கடையைவிட்டு வந்தபின் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. எனக்கு வீம்பு. என் சிங்களம்தானே எல்லாவற்றையும் கெடுத்தது? வாயை இறுக்கிக்கொண்டு நின்றேன். பஸ் புறப்பட்டுப் போய்விட்டது.

"ஏன்டா சொல்லல?" என்று லயம்வரை கேட்டுக்கொண்டே வந்தார். குரல் உடைந்திருந்தது. கைநழுவிய வேலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதைத் தொலைத்த என்னைத் திட்டாமல், யாரோ கொடுத்த பாதி இருக்கைக்காக ஒரு மனிதர் இப்படி அழ வேண்டுமா என்றுதான் அன்று நினைத்தேன்.

மறுநாள் புத்தகப் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு முதல் பஸ்ஸில் கண்டிக்குப் போனேன். மார்க்கெட்டில் ஒரு மொத்தக் கடையில் வெங்காயம் தரம் பிரிக்க ஆள் தேடினார்கள். எனக்கு நல்லாச் சிங்களம் பேச வரும் என்றேன். வெங்காயத்துக்கு அதெல்லாம் தேவையில்லை என்று சொல்லி, ஒரு சாக்கை என் முன்னால் கொட்டினார்கள்.