கதவுக்காரங்க

தாராவியில் நாங்கள் குடியிருக்கும் சந்துக்கு ‘டாப்பு’ என்று பெயர். இந்தியில் தீவு என்று அர்த்தம். ஒரு பக்கம் கால்வாய், மறுபக்கம் ரயில்வே மதில். மழை வலுத்தால் மெயின் ரோட்டுக்குப் போகும் வழியும் முழுகிவிடும். அங்கே இருக்கிற எங்களுக்கு வேறொரு பெயர்: தர்வாஜாவாலே. தமிழ்க் கடைகளில் ‘கதவுக்காரங்க’. கதவு செய்து விற்பவர்கள் என்று நினைத்து, குளியலறைக்கு அளவெடுக்க வரச் சொன்னவர்களும் உண்டு.

அந்தப் பெயர் வந்தபோது நான் அங்கே இருந்தேன். கல்யாணமாகி வந்த இரண்டாவது மழைக்காலம். ரயில் ஓடாததால் செம்பூருக்கு வேலைக்குப் போகவில்லை. மதியத்துக்குள் வழியெல்லாம் இடுப்பளவு தண்ணீர். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டது. அவள் கணவர் காட்கோபரில் மாட்டிக்கொண்டிருந்தார்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு அக்கா வந்தார். துணி காயப்போடும் இடத்துக்காகச் சண்டை போட்டு, அவளோடு பேச்சை நிறுத்தியிருந்தவர். உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஏ பிள்ள, என்ன பாத்துக்கிட்டு நிக்க? ஸ்க்ரூ டிரைவர் இருந்தா எடுத்துட்டு வா.”

அவர் வீட்டு வாசலில் கனமான மரக்கதவு. இடித்த கட்டடம் ஒன்றிலிருந்து வாங்கி மாட்டியது. வந்தவர்களிடமெல்லாம் அதைத் தட்டிக் காட்டுவார். அதைக் கழற்ற ஆண்கள் கடப்பாரையோடு வந்ததும் பதறிவிட்டார்.

“ஒடச்சிராதிய! போயிட்டு வந்து திரும்ப மாட்டணும்.”

தண்ணீர் பிடிக்கும் நீல டிரம்களைக் கதவுக்கு அடியில் கட்டினோம். அவளை மேலே படுக்க வைத்து ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனோம். நான் தலைமாட்டில் குடை பிடித்தேன். காற்றில் குடை மடங்கிவிட்டது. அக்கா அவள் காலைப் பிடித்தபடி வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார், அவளையல்ல, மழையை. மெயின் ரோட்டில் ஒரு டெம்போ கிடைத்தது. ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது.

திரும்பி வந்து பார்த்தால், டெம்போ ஏறும்போது மெயின் ரோட்டுக் கடை ஓரம் சாத்தி வைத்த கதவைக் காணவில்லை. தண்ணீர் கொண்டு போனதா, யாராவது தூக்கிப் போனார்களா, தெரியவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு அக்கா தினமும் மெயின் ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினார். தமிழ்க் கடையென்றால், “எங்க கதவப் பாத்தியளா?” மற்ற இடங்களில், “மேரா தர்வாஜா தேகா க்யா?” துணைக்கு எங்களில் யாராவது போவோம். தூரத்தில் எங்களைக் கண்டதுமே, “தர்வாஜாவாலே ஆ கயே”, கதவுக்காரங்க வந்துட்டாங்க என்று கடைக்காரர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். கதவு கிடைக்கவில்லை. பெயர் நின்றுவிட்டது.

அக்கா வாசலில் பழைய சேலை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். குழந்தை தவழத் தொடங்கியதும் அதன் அடியில் புகுந்து அவர் வீட்டுக்குள் போய்விடும். தேடிக்கொண்டு தாய் போவாள். அப்படித்தான் இருவரும் மறுபடி பேசத் தொடங்கினார்கள். முதலில் பேசியது குழந்தைக்குச் சளி பிடித்ததைப் பற்றி.