கடைசி நாலு வரி

போன வாரம் அச்சரப்பாக்கத்தில் ஒரு பள்ளி ஆண்டு விழாவில், பரிசு கொடுக்கப் போன எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்திய வேகத்தில் உருவி, பிளாஸ்டிக் உறைக்குள் திணித்துக் கையில் கொடுத்தும்விட்டார்கள். வீட்டுக்கு வந்து உறையைத் திறந்தேன். புது நைலான், கொஞ்சம் மண்ணெண்ணெய், அந்த வாடை. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“பொன்னாட போட்டா சந்தோசப்படுவாங்க. நீ இன்னா மூஞ்சத் தூக்கி வெச்சிகினு கீற?” என்றார் என் கணவர். பதில் கொஞ்சம் நீளம், அவருக்கோ கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் வெளிநாட்டு மாணவர்களுக்கான அலுவலகத்தில் சில வருஷம் வேலை பார்த்தேன். விசா புதுப்பிப்பது, விடுதியில் ஃபேன் ஓடவில்லை என்றால் ஆள் பிடிப்பது, சாம்பார் ஏன் இப்படி எரிகிறது என்று கேட்பவர்களுக்குச் சமாதானம் சொல்வது, இதுதான் என் உத்தியோகம். அங்கேதான் மெர்தான் வந்து சேர்ந்தான். துர்க்மெனிஸ்தான் பையன். அந்த நாடு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி தலையை ஆட்டி வைத்தேன். அவன் தமிழ் கற்றது மெஸ்ஸில், பரிமாறுகிற அண்ணன்களிடம். எல்லாவற்றையும் பழகிக்கொண்டான், பால் ஊற்றிய டீயை மட்டும் கடைசிவரை மன்னிக்கவில்லை. அவனுக்காகவே டீக்கடைக்காரர் தனியாகக் கட்டஞ்சாயா போடுவார்.

அந்த டீக்கடையில் ஒரு நாள் பர்சிலிருந்து தன் ஊர் நோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினான். “எங்க நோட்டுல கவிஞரு மூஞ்சி கீது அக்கா.” தலைநகரத்தில் எழுத்தாளர்களுக்கு வரிசையாகச் சிலையும் வைத்திருக்கிறார்களாம். இங்கேயும் சிலை உண்டு, காக்காய் உட்கார வசதியாக இருக்கும் என்றேன். அவன் சிரிக்கவில்லை.

“சிலைலாம் கவர்மென்ட்டு வேல. அவங்களுக்குப் புடிக்கலன்னா அந்த எழுத்தாளரு புக்கு கடைல கெடைக்காது. எங்கப்பாவுக்கு சிலை கீறவரு, புக்கு கெடைக்காதவரு, ரெண்டு டைப்பு பாட்டும் மனப்பாடம்.”

அப்பா லாரி ஓட்டுபவர். பாலைவனச் சாலையில் பக்கத்தில் மகனை உட்கார வைத்துப் பாட்டுப் பாட்டாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். கல்யாண வீட்டில் பாடகர் வருவாராம். இரண்டே தந்தி உள்ள வாத்தியம், பல தலைமுறைக்கு முந்தைய கவிஞரின் பாட்டு. அந்தக் கவிஞர் எழுதி வைத்ததில் பெரும்பகுதி தொலைந்தே போயிற்று, ஜனங்களின் வாயில் கிடந்ததுதான் மிச்சம் என்றான். பாட்டின் கடைசி நாலு வரியில் கவிஞர் தன் பெயரைத் தானே சொல்லுவார். அது வரும்வரை கூடத்தில் யாரும் எழுந்து போவதில்லை. பெயர் காதில் விழுந்ததும் அவன் ஊர்ப் பெரியவர்கள் பிரார்த்தனை முடிந்த மாதிரி இரண்டு கையாலும் முகத்தைத் தடவிக்கொள்வார்களாம். “பேரு வந்தாதான் பாட்டு முடியும் அக்கா.”

நம் விழாக்களை நினைத்துக்கொண்டேன். நம்மிடம் பெயர்தான் முதலில் வரும். அவர்களே, அவர்களே என்று ஒவ்வொருவராக விளித்து முடிப்பதற்குள் சுண்டல் ஆறிவிடும்.

அப்படிப்பட்ட விழா ஒன்றில்தான் மெர்தானைப் பாட அழைத்தார்கள். மாமல்லபுரத்தில் ஒரு கடலோர விடுதி, ‘உலகக் கவிதை மாலை’ என்று பேனர். அவன் பாட வேண்டும், ஒவ்வொரு நாலு வரிக்கும் நான் தமிழ் சொல்ல வேண்டும். அந்தப் பழைய கவிஞருடையதுதான், பெரிய மனிதர்களின் செருக்கைக் கிண்டல் செய்கிற பாட்டு. டீக்கடையில் உட்கார்ந்து இரண்டு பேரும் மண்டையை உடைத்துக்கொண்டு தமிழாக்கினோம். கடைசி நாலு வரிதான் பாடாய்ப் படுத்தியது. பெயர் சரியாக வந்து விழ வேண்டுமே. விழுந்தது. அன்றைக்கு மெர்தான் எனக்கு பஜ்ஜி வாங்கிக் கொடுத்தான்.

அவன் ஊரில் இன்டர்நெட்டுக்கு ஏகப்பட்ட தடை, அங்கிருந்து வீடியோ கால் கிடைப்பது குதிரைக் கொம்பு. அன்று கிடைத்துவிட்டது. தண்ணீர் பாட்டிலில் போனைச் சாய்த்து மேடை மேஜைமேல் வைத்தான். திரையில் அவன் அப்பா. கல்யாணத்துக்குக் கிளம்பியவர் மாதிரி பெரிய ஆட்டு ரோமத் தொப்பி போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

மெர்தான் நன்றாகப் பாடினான். கூட்டமும் கேட்டது. கடைசி நாலு வரிக்கு அவன் மூச்சு இழுக்கும்போது வாசலில் சிறப்பு விருந்தினரின் கார் வந்து நின்றது. விழாப் பொறுப்பாளர் ஓடி வந்து மைக்கைப் பிடுங்கினார். மேளம் முழங்கியது. விருந்தினருக்கு ஒரு பொன்னாடை, அவரோடு வந்தவருக்கு ஒன்று, கையில் மிஞ்சிய ஒன்றை அதே மண்ணெண்ணெய் வாடையோடு மெர்தான் தோளிலும் போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

“சார், இன்னும் நாலு வரி கீது,” என்றேன்.

“நாலு வரி தானம்மா. எவனுக்குத் தெரியப் போவுது?”

“அதுலதான் சார் எழுதுனவரு பேரே வருது.”

“அதான் பையனுக்கு சால்வ போட்டாச்சே. எறங்கும்மா.”

திரும்பிப் பார்த்தேன். மெர்தான் சால்வையோடு மேஜைமேல் குனிந்திருந்தான். போனில் அப்பா ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். மேளச் சத்தத்தில் அவன் சொன்ன பதில் அவருக்குக் கேட்கவில்லை. அவர் திரும்பவும் கேட்டார். அதற்குள் லைன் போய்விட்டது.

“இன்னா கேட்டாரு?” என்றேன்.

“பாட்டு யாரோடதுன்னு ஏன் சொல்லாம வுட்டன்னு கேட்டாரு.”

சால்வையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கிப் போனான். அன்று ராத்திரி முழுக்க முயன்றும் லைன் கிடைக்கவில்லை. பிறகு எப்போது கிடைத்தது, அப்பாவிடம் என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்குத் தெம்பு இல்லை. அந்தப் பொறுப்பாளரை மட்டும் வாய்க்கு வந்தபடி திட்டினேன், இன்னமும் திட்டுகிறேன். ஓர் அப்பா தொப்பி போட்டுக்கொண்டு அவ்வளவு தொலைவிலிருந்து ஒரு பெயருக்காகக் காத்திருந்தார். அதைக்கூட நம்மால் கொடுக்க முடியவில்லை.

போன வாரமும் அதே கதைதான். ஒரு சிறுமி பாடிக்கொண்டிருந்தாள், யாரோ பிரமுகர் வந்தார், பாட்டு நின்றது. எனக்கும் பொன்னாடை வந்தது.

மெர்தான் படிப்பு முடிந்து ஊருக்குப் போய்விட்டான். அவன் எண்ணில் இப்போது மணியே அடிப்பதில்லை. டீக்கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த அந்தக் கடைசி நாலு வரித் தமிழை மேடையில் சொல்லி ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்கே இப்போது இரண்டு வரி மறந்துபோயிற்று.

இவ்வளவு சொன்னவள் அந்தக் கவிஞரின் பெயரைச் சொல்லவில்லையே என்று கேட்பீர்கள். சொல்ல மாட்டேன். பாட்டு முழுசாக இருந்தால் பெயர் தானாக வந்திருக்கும்.